ஒரு சென்ட் வெட்டி எடை போடுங்கள்

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்கள் பட்டா நிலம் 8 ஏக்கர், பல வருடமாகத் தரிசு. முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. பாய்லருக்கு விறகு அனுப்பும் வியாபாரி ஒருவர் மொத்தமாக ஒரு தொகை பேசுகிறார். எத்தனை டன் தேறும்? என்ன விலை கேட்கலாம்?

பதில்: வரப்பில் நின்றுகொண்டு ஏக்கருக்கு இத்தனை டன் என்று சொல்பவர் யாரையும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும் சரி. பள்ளத்தில் தொடை கனத்துக்கு நிற்கும் மரம், அதே நிலத்தின் மேட்டில் விரல் கனத்தில் புதராகத்தான் இருக்கும்.

21 அடிக்கு 21 அடி ஏறக்குறைய ஒரு சென்ட். அடர்ந்தது, நடுத்தரம், சோடை என மூன்று இடத்தில் கயிறு கட்டி வெட்டுங்கள். முள்ளையும் சிம்பையும் கழித்துவிட்டு, விறகாகப் போகும் கட்டையை மட்டும் எடை போடுங்கள். 120 கிலோ வந்தால் அந்த ரகத்துக்கு ஏக்கருக்கு 12 டன். எந்த ரகம் எத்தனை ஏக்கர் என்று பிரித்துக் கூட்டினால் கணக்கு முடிந்தது. இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். வியாபாரியிடம் விட்டால் மூன்றையும் மேட்டிலேயே காட்டுவார்.

இது பச்சை எடை. 45 சதவீதம் ஈரமுள்ள 10 டன், 15 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஆறரை டன்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பச்சை ரேட்டைப் பேசிவிட்டு, வெட்டிய கட்டையை ஒரு மாதம் வெயிலில் போட்டு வைத்து அப்புறம் லாரி கொண்டுவருவார்கள். எடைமேடையும் அவர் சொல்லும் மேடையாக இருக்கக் கூடாது. காலி லாரி எடைச் சீட்டு, பாரம் ஏற்றிய சீட்டு இரண்டையும் அன்றைக்கே வாங்குங்கள்.

விலையைப் பின்னாலிருந்து போடுங்கள். ஆலை வாசலில் டன்னுக்கு என்ன தருகிறார்கள் என்று நேரில் விசாரியுங்கள். அதில் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, வியாபாரியின் லாபம் போக மிச்சம் உங்களுக்கு. கோணல் கட்டை லாரியில் இடத்தைத்தான் அடைக்கும், பாரம் ஏறாது; வாடகை குறையாது. அதனால் ஆலை தூரமானால் உங்கள் பங்கு சட்டென்று கரைந்துவிடும்.

புதருக்குள் பனை இருக்கிறதா என்று பாருங்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஜேசிபிக்காரருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. முள்ளோடு சேர்த்து வழித்துவிட்டுப் போய்விடுவார். பதில் சொல்ல நிற்பது பட்டாதாரர். வெட்டு தொடங்கும் முன்பே வடலி (இளம்பனை) உட்பட எல்லாப் பனைக்கும் சுண்ணாம்பு அடித்து, எண்ணி, வியாபாரியிடம் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

‘மாவட்டம் முழுக்க லட்சக்கணக்கான டன் கிடக்கிறது, விலை ஏறாது’ என்றும் மிரட்டுவார்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதையெல்லாம் விறகு என்று கூட்டிய அறிக்கைகள் செய்த வேலை அது. கண்மாய்க்குள் நிற்கும் மரம் ஏலம் விட்டால்தான் வெளியே வரும். அந்த ஏலத்துக்கு ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறதோ! இன்றைக்கு லாரி வந்து ஏற்றக்கூடிய மரம் உங்களுடையது.

கடைசியாக, தூரை யார் எடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். தரையோடு வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். ஜேசிபி வாடகை உங்கள் தலையில் விழும்.