நடுத்தெருவில் ஒரு வீடு

வணக்கம் ஐயா,

போன மாதம் மனைவியோடு ஒரு கல்யாணத்துக்காகக் கீழக்கரை போயிருந்தேன். நடுத்தெருவில் ஒரு பழைய வீட்டின் முன் அப்படியே நின்றுவிட்டேன். யார் வீடு என்று கேட்டால் டீக்கடைக்காரர் ஒரு பெயர் சொல்கிறார், எதிர்வீட்டுப் பெரியவர் வேறு பெயர் சொல்கிறார். ஆட்டோக்காரரோ சீதக்காதி காலத்து வீடு என்கிறார். இந்த வீடுகளின் வரலாற்றை எப்படித் தேடுவது?

வாசகர், பரமக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்டோக்காரரை முதலில் விட்டுவிடுவோம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி பதினேழாம் நூற்றாண்டுக்காரர், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நண்பர். ஊரில் பழசாக எது கண்ணில் பட்டாலும் அவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். மற்ற இருவர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம்.

கடல் வணிகத்தில் பேர்போன முஸ்லிம்களான கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் வீடு மகளுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். சங்கு, முத்து, கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் என்று அலைந்து சம்பாதித்தது ஆண்கள். அந்தப் பணத்தில் எழுந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பது பெண்கள். தெரு என்னவோ ஆண்கள் பெயரைத்தான் சொல்லும். ஒருவருக்கு அது மாமனார் வீடு, இன்னொருவருக்கு மருமகன் வீடு.

நானும் இதில் அடிபட்டவன்தான். பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு வீட்டின் கதையைத் தாத்தா, மகன், பேரன் என்று வரிசையாக எழுதிக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அந்த வீட்டுப் பாட்டி, "எல்லாம் சரி தம்பி, இதுல எங்க உம்மா எங்கே?" என்றார். உம்மா என்றால் அம்மா. நான் எழுதிய ஆண்களில் பாதிப்பேர் கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போனவர்கள்!

பத்திரத்தையும் பெண்கள் பெயரில் தேடுங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் ஓரளவுக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முந்தியதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் சுவர். காரை பெயர்ந்த இடத்தில் துளைத்துளையாகக் கல் தெரிந்தால் அது முருகைக்கல், அதாவது கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறை. வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வெட்டி வெட்டியே கீழக்கரைக் கடலில் பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. 2001 முதல் பவளப்பாறையை வெட்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இந்தச் சுவர்மேல் சிமெண்ட் பூசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். உப்பும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் பூச்சு சீக்கிரமே பெயர்ந்து விழும்.

அடுத்த முறையும் மனைவியோடு போங்கள். உங்களைத் திண்ணையோடு நிறுத்திவிடுவார்கள். அவர் உள்ளே போகலாம். வயதான பெண்மணி யாராவது இருந்தால், "யார் கல்யாணத்துக்குக் கட்டின வீடு இது?" என்று கேட்கச் சொல்லுங்கள்.