வீட்டுக்கு ஹார்ன் ஸ்பீக்கர்: கடலோர வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: என்னிடம் உள்ள ஹோம் தியேட்டர் பெட்டியில் ‘2,000 வாட்’ என்று போட்டிருக்கிறது. நண்பர் வீட்டில் ஹார்ன் ஸ்பீக்கர், ஒரு 4440 ஐ.சி. ஆம்ப்ளிஃபயர் போர்டில் ஓடுகிறது. அதுதான் சத்தமாகவும் தெளிவாகவும் கேட்கிறது. இது எப்படி?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பெட்டியில் அச்சடித்த வாட்டை மறந்துவிடுங்கள். அதில் பாதி விளம்பரம். கேட்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் 85 முதல் 88 டெசிபல் தரும். ஹார்னும் நல்ல வூஃபரும் (பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) சேர்ந்த செட் 96 முதல் 100 வரை போகும். முழுக்க ஹார்னாகவே கட்டிய கிளிப்ஷ்ஹார்ன் மாதிரியானவை 105 வரை.

3 டெசிபல் ஏற வேண்டுமானால் வாட் இரட்டிக்க வேண்டும்; 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தருவதை 100 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்டில் தந்துவிடும். 4440 ஐ.சி. 4 ஓமில் சேனலுக்கு 6 வாட் தரும், 8 ஓமில் அதில் பாதிதான். நண்பருக்கு அதுவே மிச்சம்.

தெளிவுக்கும் காரணம் இதுவே. ஹார்ன் போட்ட டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகடு) அதிகம் அசைய வேண்டியதில்லை. அசைவு குறைந்தால் டிஸ்டார்ஷன் குறையும், வாய்ஸ் காயில் சூடாகாது, தவில் அடி அமுங்காது. 1926-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் பேசும் பட அரங்குகளுக்கு 555 என்ற ஹார்ன் யூனிட்டைக் கொண்டுவந்தபோது ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சில வாட்தான் சக்தி. அத்தனை பெரிய அரங்கை நிறைக்க ஹார்னை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

கேள்வி: அப்பா நடத்திய மைக்செட்டின் அலுமினியக் குழாய்கள் இரண்டு, யூனிட்டோடு பரணில் கிடக்கின்றன. வாய் 16 அங்குலம். இவற்றையே வீட்டில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, மண்டபம்

பதில்: அப்படியே மாட்டினால் பத்து நிமிடத்தில் காது வலிக்கும். ஒரு ஹார்ன் எவ்வளவு கீழே இறங்கும் என்பதை அதன் வாய் முடிவு செய்கிறது. வாயின் சுற்றளவு எந்த ஒலியின் அலைநீளத்துக்குச் சமமோ, ஏறத்தாழ அதுவே எல்லை. 16 அங்குல வாயின் சுற்றளவு 1.28 மீட்டர், ஆகவே 270 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மிருதங்கத்தின் தொப்பியும் இல்லை, ஆண் குரலின் அடியும் இல்லை. மேலேயும் 6,000–7,000 ஹெர்ட்ஸோடு யூனிட் நின்றுவிடும். குழாய்க்குள் ஒலி முன்னே போய், பின்னே திரும்பி, மறுபடி முன்னே வருகிறது. அந்த மடிப்புகளில் மேல் ஸ்வரங்கள் தேய்ந்துபோகின்றன. பந்தலில் பேச்சு கேட்கச் செய்த பொருள் அது. அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

சோதித்துப் பார்ப்பதானால், யூனிட்டின் பின்னால் 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் (நீண்ட ஒயருக்காக மைக்செட்டில் போடுவது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 30 வாட் டேப்பில் அது 333 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் முனகலாகத்தான் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி யூனிட் முனைக்கே நேராகக் கொடுங்கள், நடுவில் ஒரு கண்டென்சரோடு. கண்டென்சர் இல்லாமல் கொடுத்தால், ஸ்விட்ச் போடும்போது வரும் ‘டப்’ ஒன்றே டயஃப்ரத்துக்குப் போதும்.

கேள்வி: முதல் முறையாக ஒரு ஜோடி கட்டப் போகிறேன். என்ன வாங்க வேண்டும், பெட்டி அளவு என்ன, கிராஸ்ஓவர் (பாஸையும் மேல் ஒலியையும் பிரிக்கும் இடம்) எங்கே வைப்பது? கணக்கோடு சொல்லுங்கள்.
— வாசகர், கீழக்கரை

பதில்: முதல் ஜோடியில் பாஸுக்கு ஹார்ன் வேண்டாம். 40 ஹெர்ட்ஸுக்கு நேர்மையான ஹார்ன் என்றால் வாய் 2.7 மீட்டர் விட்டம் வேண்டும். கிளிப்ஷ்ஹார்னைச் செய்த பால் கிளிப்ஷ் அறை மூலையையே ஹார்னின் நீட்சியாக்கி இதைச் சமாளித்தார். அந்த மடிப்பு வேலை தச்சருக்கே சவால். 12 அங்குல பி.ஏ. (மேடை ஒலிபெருக்கி) வூஃபரைத் திறப்புக் குழாய் வைத்த பெட்டியிலும், 1 அங்குல கம்ப்ரஷன் டிரைவரை (ஹார்னின் தொண்டையில் மாட்டும் யூனிட்) ஹார்னிலும் வையுங்கள்.

வூஃபரின் தாளில் நான்கு விஷயம் பாருங்கள்: சென்சிடிவிட்டி 96–97, தன் அதிர்வெண் 40–50 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (கோனின் ஆட்டம் எவ்வளவு கட்டுப்படுகிறது என்ற எண்) 0.3–0.4, 8 ஓம். விளிம்பு மடிப்புத் துணியாக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் விளிம்பு நம் கடற்கரை ஈரத்தில் சில வருடங்களில் பொடியாக உதிரும்.

பெட்டியின் உள்ளளவு 36 × 36 × 75 செ.மீ., அதாவது 97 லிட்டர். வூஃபர், குழாய், உள்தாங்கல் போக 90 மிஞ்சும். இதை 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய 110 மி.மீ. பி.வி.சி. குழாய் (உள்விட்டம் 104) இரண்டு, ஒவ்வொன்றும் 20 செ.மீ. நீளம். ஒரே குழாய் என்றால் ஆறரை செ.மீ. போதும் என்று கணக்கு வரும். ஆனால் சத்தம் ஏறினால் அதில் காற்று ‘புஸ்’ஸென்று கேட்கும். பலகை 18 மி.மீ., ஐ.எஸ். 710 மரைன் ப்ளை. எம்.டி.எஃப். அறவே வேண்டாம், ஐப்பசி மழை ஒன்று போதும், ஓரம் வீங்கி ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். பின்பலகைக்கும் முன்பலகைக்கும் நடுவே ஒரு குறுக்குக் கட்டை வைக்காவிட்டால் பெட்டியே தனியாகப் பாடும்.

கிராஸ்ஓவர் 1,500 ஹெர்ட்ஸ். 12 அங்குலக் கோன் 1,300-ஐத் தாண்டினால் ஒலியை நேர்க்கோட்டில் குறுக்க ஆரம்பிக்கும். 1 அங்குல டிரைவர்கள் பல 1,200-க்குக் கீழே சிரமப்படும். ஆகவே ஊசலாட அதிக இடமில்லை. இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டருக்கு 8 ஓமில் கண்டென்சர் 6.6 மைக்ரோஃபாரட், காயில் 1.7 மில்லிஹென்றி. வூஃபருக்குக் காயில் தொடரில், கண்டென்சர் குறுக்கே. டிரைவருக்கு நேர்மாறாக. ஆக ஒரு பெட்டிக்கு இரண்டு இரண்டு.

இந்த கண்டென்சருக்காக மதுரைக்கு ஓட வேண்டாம். மின்விசிறிக்கும் சின்ன மோட்டாருக்கும் போடும் 440 வோல்ட் கண்டென்சர் பாலிப்ராப்பிலீன்தான். 2.5-ஐயும் 4-ஐயும் பக்கவாட்டில் இணைத்தால் 6.5. இந்த வேலைக்கு அது போதும். காயிலை மோட்டார் கட்டும் கடையில் சுற்றிக்கொள்ளலாம். 38 மி.மீ. விட்டமுள்ள உருளை, சுற்றும் அகலம் 19 மி.மீ., 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, 190 சுற்று. கம்பி 34 மீட்டர், எடை 350 கிராம் அளவில் பிடிக்கும், தடை அரை ஓம். உள்ளே இரும்பு போல்ட் போட்டால் மதிப்பு ஏறிவிடும்; பித்தளை அல்லது பிளாஸ்டிக் போடுங்கள். இரண்டு காயில்களையும் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். வூஃபர் முனையில் 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டரும் 15 மைக்ரோஃபாரட்டும் தொடராகக் குறுக்கே போடுவது நல்லது. இல்லையென்றால் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மேல் அதிர்வெண்களில் தடை ஏறி, ஃபில்டர் சொன்னபடி கேட்காது.

டிரைவர் ஹார்னோடு 107 டெசிபல், வூஃபர் 97. அந்த 10 டெசிபலைக் குறைக்க ஃபில்டருக்கும் டிரைவருக்கும் இடையே 5.6 ஓம் தொடரிலும், அதன்பின் டிரைவருக்குக் குறுக்கே 3.9 ஓமும், இரண்டும் 10 வாட் ஒயர்வவுண்ட். இதை விட்டவர்கள்தான் ‘ஹார்ன் என்றால் கத்தும்’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள்.

கடைசியாக முனை. புத்தகப்படி டிரைவரைத் தலைகீழாக இணைக்க வேண்டும். ஆனால் ஹார்னின் ஆழம் கணக்கை மாற்றும். 1,500 ஹெர்ட்ஸின் அலைநீளம் 23 செ.மீ.தான். ஃபோனில் 1,500 ஹெர்ட்ஸ் டோன் வைத்து, உட்காரும் இடத்திலிருந்து இரண்டு விதமாகவும் கேளுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி.

கேள்வி: ஹார்னைக் கடையில் வாங்காமல், படகுக்கு ஃபைபர் அடிப்பவர்களிடம் கொடுத்துச் செய்யலாமா? எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.
— வாசகர், ராமேஸ்வரம்

பதில்: தாராளமாக. பிளாஸ்டிக் ஹார்னைவிட உறுதியாக வரும், உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. அச்சை மட்டும் நீங்கள் சரியாகக் கொடுக்க வேண்டும்.

500 ஹெர்ட்ஸ் எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னில் குறுக்குப் பரப்பு 3.8 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்கும். தொண்டையில் 2.5 செ.மீ. விட்டம், அங்கிருந்து 4 செ.மீ. தள்ளி 3.7, 8-இல் 5.3, 12-இல் 7.6, 16-இல் 11, 20-இல் 15.8, 23.6-இல் 21.9. இதை அட்டையில் வரைந்து வெட்டி, மரக் கடைசல் போடுபவரிடம் கொடுங்கள். கடைந்த கட்டையை வாய்ப்பக்கம் கீழாக ஒரு 30 செ.மீ. சதுரப் பலகையில் நிறுத்தி, சேரும் இடத்தில் புட்டி வைத்து 2–3 செ.மீ. ஆரத்துக்கு வளைவு கொடுங்கள். வாய் விளிம்பு கத்தியாக முடிந்தால் ஒலி அங்கே மோதித் திரும்பும். மூக்கால் பாடுவது போல் கேட்பது அதனால்தான்.

கட்டைக்கு சீலர் அடித்து, மெழுகு பாலிஷ் நாலைந்து கோட் தேயுங்கள். அச்சுக்குத் தெர்மகோல் வேண்டாம். பாலியெஸ்டர் ரெசின் பட்டவுடன் கரைந்து குழியாகிவிடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள ஃபைபர் மேட் மூன்று அடுக்கு போட்டால் சுமார் 3 மி.மீ. கனம். ஜோடிக்கு மேட் 400 கிராம், ரெசின் ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ. 250 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். வெயில் நேரத்தில் ஹார்டனர் ஒரு சதவீதம் போதும். இரண்டு போட்டால் மேட் நனையும் முன்னே டப்பாவிலேயே கட்டியாகும். கோபால்ட்டை (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர். இரண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். படகு வேலைக்காரருக்கு இது தெரியும். வீட்டில் தானே செய்து பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

தொண்டையில் 6 மி.மீ. அலுமினியத் தட்டு வைத்து, 76 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 ஓட்டை போடுங்கள். போல்ட் வகை 1 அங்குல டிரைவர் அதில் உட்காரும். டிரைவர் வாயும் ஹார்ன் தொண்டையும் சேரும் இடத்தில் விரல் நகத்தால் தடவினால் தடை தட்டக் கூடாது. தட்டினால் உப்புத்தாள். ஹார்ன் முதுகில் விரலால் தட்டினால் ‘டங்’ என்றால் இன்னும் வேலை இருக்கிறது. ரெசினில் மணல் குழைத்துப் பூசி ‘டக்’ என்று ஆக்குங்கள். கழுவிய ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: வாங்கி இரண்டு வருடத்தில் ஒரு ஸ்பீக்கர் கரகரக்கிறது. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புதானா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: அநேகமாக. முதலில் ஒயரைப் பாருங்கள். ஸ்ப்ரிங் கிளிப்பில் மாட்டிய நுனி கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, ஈயம் வைத்து, திருகும் முனையில் மாட்டுங்கள். புது ஒயர் வாங்கினால் வெள்ளீயம் பூசிய செம்பு வாங்குங்கள். படகு மின் வேலைக்குப் போடுவது அதுதான்.

அதன் பிறகும் கரகரத்தால், கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அமுக்கிப் பாருங்கள். உரசல் கேட்டால் காந்த இடைவெளியில் துரு. காயிலைக் கழற்றி மாற்றும்போது பசை நாடாவை இடைவெளிக்குள் விட்டு ஒற்றி எடுத்தால் தளர்ந்த துரு வரும். இரும்புச் சுவரே பொரிந்திருந்தால் காயிலை மாற்றியும் பயனில்லை. கம்ப்ரஷன் டிரைவர் வாங்கும்போது அலுமினிய டயஃப்ரத்தைத் தவிர்த்து டைட்டானியமோ பாலியெஸ்டரோ கேளுங்கள். ஸ்க்ரூ எல்லாம் எவர்சில்வர், 316 கிடைத்தால் மேல். ஹார்னின் வாய்க்கு, பயன்படுத்தாத நேரத்தில் ஒரு துணி மூடி போட்டு வையுங்கள்.

கேள்வி: பாட்டு நின்றதும் ஹார்னிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று கேட்கிறது. டிரைவர் கெட்டுவிட்டதா?
— வாசகர், தொண்டி

பதில்: இல்லை. எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் உள்ள இரைச்சல்தான்; 87 டெசிபல் ஸ்பீக்கரில் காதில் விழாதது 107-இல் விழுகிறது. மேலே சொன்ன ரெசிஸ்டர் ஜோடியைப் போட்டால் இரைச்சலும் 10 டெசிபல் இறங்கும். அடுத்தது பெருக்கம். 4440-இன் பெருக்கம் 50 டெசிபலுக்கு மேல். ஃபோன் தரும் 1 வோல்ட்டுக்கு 26 போதும். அவ்வளவு பெருக்கிவிட்டு வால்யூமைப் பத்தில் ஒரு பங்கு மட்டும் திருப்பிக் கேட்பது வீண். டி.டி.ஏ. 2030 போர்டை 26–30 டெசிபலுக்கு அமைத்து, கூட்டல் கழித்தல் 14 வோல்ட் சப்ளை கொடுங்கள். 8 ஓமில் 8 வாட் வரும். 24-க்குக் கீழே குறைத்தால் அந்த ஐ.சி. தானாகவே ஊளையிடும். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வேறு. அது எர்த் லூப் (எர்த் இரண்டு வழியில் சுற்றி இணைவது) அல்லது சப்ளையின் ஃபில்டர் கண்டென்சர்.

கேள்வி: காரில் இருந்து கழற்றிய 6×9 ஸ்பீக்கரை பேக்-லோடட் ஹார்ன் (கோனின் பின்பக்க ஒலியை ஹார்ன் வழியே விடும்) பெட்டியில் வைக்கலாமா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிக்கு லேசான கோனும் பலமான காந்தமும் வேண்டும், க்யூ.டி.எஸ். 0.2–0.4. கார் ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் இரண்டு மடங்கு இருக்கும். பாஸ் ஒரே ஸ்வரத்தில் குமுறும். ப்ளைவுட் காசும் போகும்.

கேள்வி: எங்கள் கூடம் 12-க்கு 16 அடி, சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. கடல்காற்றுக்கு ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். எப்படி வைப்பது? பாயில் உட்கார்ந்துதான் கேட்போம்.
— வாசகி, உச்சிப்புளி

பதில்: 12 அடிச் சுவரை ஒட்டி இரண்டையும் வைத்து, நீளவாட்டில் 3 மீட்டர் தள்ளி உட்காருங்கள். அதைவிட நெருங்கினால் வூஃபரும் ஹார்னும் தனித்தனியாகக் கேட்கும். ஜன்னலும் கதவும் திறந்திருந்தால் அறை தரும் பாஸ் வெளியே போய்விடும்; அதை ஈடுகட்ட பெட்டிகளை மூலைக்கு நகர்த்துங்கள், 20–30 செ.மீ. இடைவெளி விட்டு. சாரல் அடிக்கும் ஜன்னலுக்கு நேரே வேண்டாம். ஹார்ன்களை உள்நோக்கித் திருப்பி, இரண்டின் பார்வையும் உங்கள் முகத்துக்கு ஓரடி முன்னால் வெட்டும்படி வைத்தால் பக்கச் சுவரின் எதிரொலி குறையும்.

பாயில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 75–80 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேலே சொன்ன பெட்டியின் தலையில் ஹார்ன் வைத்தால் அதன் நடு 95-இல் நிற்கும். பெட்டியின் பின்பக்கம் கீழே 2.5 செ.மீ. கட்டை கொடுத்து முன்னே சாயுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாய்த்த பெட்டியைப் பின்சுவரில் ஒரு கொக்கி போட்டுக் கட்டிவிடுங்கள்.