புதிய 40,000 ரூபாய் இயர்போனில் பேஸே (ஆழமான அடி ஒலி) வரவில்லையா?

இப்போதே திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் ஒரு அளவு பெரிய டிப் (காதுக்குள் நுழையும் மென்மையான முனை) மாட்டிப் பாருங்கள். இதைவிடப் பழைய 1,500 ரூபாய் இயர்போனே மேல் என்று தோன்றலாம். பெரும்பாலும் காதுத் துவாரம் சரியாக அடைபடாததுதான் காரணம். மயிரிழை இடைவெளி போதும், பேஸ் கசிந்துவிடும். இயர்போன் எவ்வளவு விலை என்றாலும் இதே கதைதான்.

சோதிக்க, 40 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீரான ஆழ்ந்த ஒலி) குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் டிப்தான் வில்லன். ஒரு காதுக்கு மட்டும் கூடினால் அந்தப் பக்கம் மட்டும் மாற்றுங்கள். எனக்கு வலதுக்கு மீடியம், இடதுக்கு லார்ஜ். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபோம் (நுரை) டிப் இன்னும் நன்றாக அடைக்கும், ஆனால் ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) கொஞ்சம் மங்கும்.

அழுத்தியும் மாறவில்லை என்றால் இயர்போனின் ட்யூனிங்கே, அதாவது தயாரிப்பாளர் அமைத்த ஒலிச் சமநிலையே, அப்படி இருக்கலாம். ஒன்று மட்டும்: பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (ஒலி எழுப்பும் மிகச் சிறிய பாகம்) உள்ள மாடல்கள், அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு முனையின் மின்தடை) அதிகமான ஆம்பில் (ஒலிபெருக்கிக் கருவி) குணம் மாறி ஒலிக்கும். ஆம்ப் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, போனில் சாதாரண டாங்கிள் (இயர்போனைப் போனில் செருக உதவும் சிறு இணைப்பான்) வழியாக ஒருமுறை கேளுங்கள். அப்புறமும் பிடிக்கவில்லையா, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.