செங்கல்லில் பதிந்த விரல்கள்

கேள்வி: அட்லாண்டாவில் வேலை பார்க்கும் மகன் என்னையும் மனைவியையும் இரண்டு நாள் தெற்குக் கரோலினாவின் சார்லஸ்டன் நகருக்கு அழைத்துப் போகிறான். ஆயிரம் ஆண்டுக் கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, முந்நூறு ஆண்டு ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? அடிமைகள் தொடர்பான இடங்களுக்குப் போனால் மனம் கெட்டுவிடும், அவற்றை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். விட்டுவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விடக் கூடாது. அந்த இடங்களை விட்டுவிட்டால் சார்லஸ்டனில் உங்களுக்கு மிஞ்சுவது வண்ணம் பூசிய சுவர்களும் குதிரை வண்டிச் சவாரியும்தான். அதற்காக மகனின் விடுப்பைச் செலவழிக்க வேண்டாம்.

வயதைச் சொல்லி ஓர் ஊரை ஒதுக்குவதும் சரியில்லை. 1670இல் ஆங்கிலேயர் குடியேறிய ஊர் அது. பழைய கட்டடங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தையே காப்பதற்கு அமெரிக்காவில் முதன்முதலாக விதி வகுத்த நகரமும் அதுதான், ஆண்டு 1931. கோயில் மதிலை ஒட்டிக் கடை எழும்போது வாய் மூடி இருக்கும் நாம், வயதை வைத்துப் பெருமை பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த மாளிகைகளை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நெல்லிலிருந்து. ஆஷ்லி, கூப்பர் ஆறுகளின் சதுப்புகளைத் திருத்தி வயலாக்கினார்கள். கடல் ஏற்றத்தில் ஆற்று நீர் உயரும்போது மதகைத் திறந்து பாய்ச்சுவது, வற்றும்போது வடிய விடுவது. இந்த வேலை முழுவதையும் செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பத்தினர். சேற்றில் நின்று, மலேரியாக் காய்ச்சலில் செத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்துக் கொடுத்தார்கள். அரிசி விற்ற காசு வேறொருவர் பெட்டிக்குப் போனது. காவிரிக் கரைக்காரரான உங்களுக்கு நெல் வேலை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கர் பலரைவிட அந்த ஊரை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள். நீங்களே முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?

ஜேம்ஸ் தீவில் மெக்லியாட் என்ற பழைய பருத்தித் தோட்டம் இருக்கிறது. அடிமைகள் குடியிருந்த மரக் குடில்கள் வரிசையாக நிற்கின்றன. மாளிகையின் சரவிளக்கை வர்ணிப்பதோடு நிறுத்தாமல், அங்கே உழைத்தவர்களின் கதையைச் சொல்லிக் கூட்டிப்போகிறார்கள். அங்குள்ள செங்கற்களைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சிலவற்றில் சிறு சிறு குழிகள் தெரியும். சூளைக்குப் போகுமுன், ஈரம் காயாத பச்சைக்கல்லைத் தூக்கித் திருப்பிப் போட்ட குழந்தைகளின் விரல் தடங்கள் அவை. நான் ஒரு குழியில் என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. வெகு நேரம் அங்கிருந்து நகர முடியாமல் நின்றேன்.

மறுநாள் காலையைத் துறைமுகத்தில் இருக்கும் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 2023 ஜூனில் திறந்தார்கள். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற காட்ஸ்டன் துறை இருந்த இடம் அது. மண்ணை மதித்து, கட்டடத்தைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கீழே, கப்பலின் அடித்தட்டில் நெருக்கிக் கிடத்தப்பட்ட உடல்களின் வடிவங்கள் தரையில். அவற்றின் மேல் நீர் பரவி வடிகிறது. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் சுமார் 40 சதவீதம் பேர் இந்த ஊர் வழியாகவே வந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. நேரம் இருந்தால் சால்மர்ஸ் தெருவில் மனிதர்களை ஏலம் விட்ட கட்டடத்தையும் பாருங்கள்; அதுவும் இன்று அருங்காட்சியகம்தான்.

மனம் கெடும் என்று சொல்லும் நண்பர்களுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் கதையைச் சொல்லுங்கள். உள்நாட்டுப் போர் நடந்த காலம். தென் மாநிலப் படைக்காக ஓடிய 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலில் வேலை செய்த அடிமை அவர், வயது 23. 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரத்தில் கப்பலைக் கிளப்பினார். வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய ஊதல் சமிக்ஞையைத் தவறாமல் கொடுத்து, தென் மாநிலப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னாலேயே கடந்து போனார். துறைமுகத்துக்கு வெளியே நின்ற வட மாநிலக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். பாட்டரி கடற்கரையில் நின்றால் சம்டர் கோட்டை தெரியும். அங்கே நின்றுகொண்டு உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். மனம் கெடுகிறதா, நிமிர்கிறதா என்று பாருங்கள்.

கோடையில் வெயிலும் புழுக்கமும் கடுமை. மார்ச், ஏப்ரல் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குத் தக்காளி போட்டுச் சமைத்த சிவப்புச் சோறு கேளுங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்த 'கல்லா' (Gullah) சமூகத்தாரின் சமையல் அது. பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, வேண்டாதவர் கேட்டுக்கொள்ளவும்.

சிட்டி மார்க்கெட்டில் கல்லாப் பெண்கள் உட்கார்ந்து கூடை பின்னுவார்கள். புல்லைக் கற்றையாகச் சுருட்டி, காம்பு மட்டும் வைத்த ஸ்பூனால் துளையிட்டு, பால்மெட்டோ ஓலையை இழுத்துக் கட்டுவார்கள். நெல் புடைத்த முறத்திலிருந்து வந்த கைவேலை. சிறு கூடைக்கே பல மணி நேரம் பிடிக்கும். விலை அதிகமாகத் தெரியும்; பேரம் பேசாமல் ஒன்று வாங்கி வாருங்கள்.