எல்கரின் முதல் சிம்பொனி: பார்பிரோலி இழுவைன்னா வேற எது?

ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரோட முதல் சிம்பொனியை (பெரிய வாத்தியக் குழுவுக்கான நீண்ட இசை) நடத்துனர் பார்பிரோலியின் 1962 ஒலிப்பதிவுல கேட்டேன், ரொம்ப மெதுவா இழுக்குது, வேற எதைக் கேட்கலாம்னு கேட்டீங்க. அதுக்காக சிம்பொனியையே மூட்டை கட்டிடாதீங்க. எல்கரே 1930ல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் பதிவு செஞ்சிருக்கார், சுமார் 46 நிமிஷம்தான். ஆனா ஒலி பழசு, கரகரப்பு உண்டு. எல்கரோட அந்தப் பதிவைக் கேட்டுப் படிச்சவர் நடத்துனர் சோல்டி. லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட அவர் 1972ல் பண்ணினது அதே விறுவிறுப்பு, நல்ல ஸ்டீரியோ. உங்களுக்கு முதல்ல அதுதான்.

என் கை போறது என்னவோ இன்னொரு நடத்துனர் போல்ட்டின் 1976 பதிவுக்கு. முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம். ஹெட்போன்ல கேட்டா ரெண்டும் பேசிக்கிறது தெரியும்.

இரண்டாம் பகுதி ஓடி ஓடித் தளர்ந்து, அதே சுரங்கள் மெதுவாகி மூன்றாம் பகுதியா மாறுமே, அந்த இடத்தை எல்லாத்துலயும் ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே மட்டும் பார்பிரோலியை அடிச்சுக்க ஆளில்லை!