எபாக்சி வேலையில் கை அரிக்கிறது, எந்த கெமிக்கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நானும் எபாக்சி தரை போடும் வேலையில்தான் இருக்கிறேன். விரலிடுக்கில் கொப்புளம், காலையில் எழுந்தால் கண் இமை வீக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே எனக்கும் வந்தது. "எபாக்சி அலர்ஜி" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள், டப்பாவுக்குள் இருப்பது ஒரே பொருள் இல்லை.

பார்ட் ஏ, அதாவது ரெசினில், பெரும்பாலும் பிஸ்பீனால் ஏ டைகிளிசிடைல் ஈதர் இருக்கும். அதில் மூலக்கூறு எடை 340 உள்ள சின்ன மூலக்கூறுதான் அலர்ஜியைக் கிளப்புகிறது என்று ஸ்வீடனில் தோல் டாக்டர் ஃப்ரெகெர்ட் 1977-லேயே காட்டியிருக்கிறார். ரெசினை இளக்கக் கலக்கும் டைல்யூயன்ட் தனியாக அலர்ஜி தரும். பார்ட் பி, அதாவது ஹார்டனர், அமீன் வகை. அது இன்னொரு கதை.

எனக்கு முதல் பேட்ச் டெஸ்டில் (சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி அலர்ஜி வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒன்றுமே வரவில்லை. வழக்கமான வரிசையில் எபாக்சி ரெசின் இருந்தது, ஹார்டனர் இல்லை. சோப்பாக இருக்கும் என்றார்கள், நானும் மாதக்கணக்கில் சோப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் சப்ளையரிடம் கேட்டு இரண்டு பார்ட்டுக்கும் எஸ்டிஎஸ் (உள்ளே என்ன கெமிக்கல், என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தாள்) வாங்கி, மூன்றாவது பிரிவில் இருந்த பெயர்களையும் சிஏஎஸ் எண்களையும் (ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உள்ள தனி அடையாள எண்) வேறொரு தோல் டாக்டரிடம் காட்டினேன். அவர் அமீன்களையும் சேர்த்து முதுகில் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது லேசான சிவப்புதான், நான்காம் நாள் ஐசோஃபோரோன் டையமீன் என்ற ஹார்டனர் அமீன் ஒட்டிய இடம் மட்டும் தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம். அதனால் ஒரு முறை பார்த்ததோடு முடித்துக்கொள்ளாமல், நான்காம் நாளும் கண்டிப்பாகப் போய்க் காட்டுங்கள்.

நீங்களும் எஸ்டிஎஸ் வாங்குங்கள், எச்317 (தோல் அலர்ஜி தரலாம் என்ற எச்சரிக்கைக் குறியீடு) என்று போட்டிருக்கும் பொருள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து வீட்டில் ஹார்டனரைத் தோலில் தடவிப் பார்க்காதீர்கள், அது நேரடியாகவே தோலைப் புண்ணாக்கும், இல்லாத அலர்ஜியையும் கொண்டுவந்துவிடும்.

முடிவு தெரியும்வரை தின்னரில் கை கழுவுவதை நிறுத்துங்கள். மெல்லிய ரப்பர் கிளவுஸ் போதாது, ரெசின் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். கெட்டியான நைட்ரைல் போட்டு, உள்ளே நனைந்தால் உடனே மாற்றுங்கள். முழுதாகக் காயாத தரையைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியிலும் வினைபுரியாத ரெசின் இருக்கும், எனக்கு இமை வீங்கிய நாட்கள் பலவும் அப்படித் தேய்த்த மறுநாள்தான்.