கதை நான்காம் பக்கத்தில் தொடங்குகிறது

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "2084-இல் நடப்பதாக ஓர் அறிவியல் புனைகதை எழுதினேன். கோடை மழை நின்றுபோகிறது, காபி பூப்பதில்லை. மொத்தம் 3,100 வார்த்தைகள். '1,500-க்குள் சுருக்கி அனுப்புங்கள்' என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள். எதை வெட்டினாலும் கதை புரியாது போலிருக்கிறது. என்ன செய்வது?"

கதையை இரண்டு முறை படித்தேன். பிடிக்காத கதைக்கு யாரும் வார்த்தைக் கணக்கு சொல்லிப் பதில் போடமாட்டார்கள். அதனால் மனம் தளராமல் உட்காருங்கள்.

முதல் மூன்று பக்கங்களை முழுதாக எடுத்துவிடுங்கள். புவி வெப்பமாதல், அரசாணை, தோட்டம் கைமாறிய வரலாறு எல்லாம் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை. அவற்றை யோசித்து எழுதியதால்தான் நான்காம் பக்கம் அவ்வளவு திடமாக வந்திருக்கிறது. அங்கே மருதாயி ஒரு மொட்டைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் பிளந்து பார்த்துவிட்டு, "இன்னும் தூங்குதுங்க" என்கிறாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

உங்கள் தொடக்கம் இது: "2084-ஆம் ஆண்டு. பருவநிலை மாற்றத்தால் சேர்வராயன் மலையில் கோடை மழை முற்றிலும் நின்றுபோய் முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன."

இப்படி வைத்துப் பாருங்கள்: "மருதாயி மொட்டைப் பிளந்தாள். உள்ளே பச்சை. தோட்டத்தில் கோடை மழையில் நனைந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் தினமும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்."

வருடம் போய்விட்டது, ஆனாலும் மழை நின்று ஒரு தலைமுறை ஆனது தெரிகிறது. அவளுக்குத் தோட்டத்தில் என்ன மதிப்பு என்பதும் சேர்ந்தே வந்துவிட்டது.

அடுத்தது, வார்த்தைக் கணக்கைவிடப் பெரிய சிக்கல். காபி மொட்டு வறட்சியில் தூங்கும். கோடையில் ஓர் அங்குலத்தை ஒட்டி மழை பெய்தால் விழித்து, எட்டுப் பத்து நாளில் மலையே வெள்ளையாகப் பூக்கும். இது நாகலூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மழை தவறினால் ஸ்பிரிங்ளர் போட்டுப் பூக்கவைப்பது இன்றைக்கே உள்ள வழக்கம். காபி தெரிந்த வாசகர் முதல் பத்தியிலேயே "தண்ணீர் அடிக்க வேண்டியதுதானே?" என்று கேட்பார். உங்கள் கதையில் ட்ரோன்கள் தண்ணீர் தெளிக்கின்றன, ஆனால் ஏன் பூக்கவில்லை என்பதற்குப் பதில் இல்லை. பதினோராம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, "செடி இதை மழையென்று நம்பவில்லை" என்று. அதுதான் பதில், அதுதான் கதை! அதை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். உலகத்தில் நீங்கள் மாற்றுவது இந்த ஒன்றாக மட்டும் இருக்கட்டும். பேசும் காட்டெருமை, ஞாபகங்களை விற்கும் கடை இரண்டும் நல்ல கற்பனைகள்தான், வேறு கதைகளுக்கு எடுத்துவையுங்கள். இதிலேயே 600 வார்த்தைக்கு மேல் குறையும்.

அப்புறம் சொற்கள். ட்ரோனை 'தானியங்கி வான்தெளிப்புக் கலம்' என்று மருதாயி சொல்லமாட்டாள். தோட்டத்து ஆட்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், 'தும்பி' என்று வையுங்களேன். "தும்பி வந்துருச்சு, ஓரமா நில்லுங்க" என்று ஒருத்தி சொன்னால் போதும், விளக்கப் பத்தி தேவையில்லை.

இவ்வளவும் செய்தபின் ஒரு வாரம் கதையைத் தொடாதீர்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். வசனத்தில் தெரிந்துவிட்டதை அடுத்த வரியில் மறுபடி சொல்லியிருந்தால் அடியுங்கள். பூ வாசத்தைப் பற்றிய பத்தியில் மட்டும் கைவைக்காதீர்கள். இடம் போதாவிட்டால் மேலாளர் வரும் காட்சியை எடுங்கள்.

அனுப்பும்போது யூனிகோடில், வேர்டு கோப்பாக, முதல் பக்கத்தில் பெயர், முகவரி, வார்த்தை எண்ணிக்கையோடு அனுப்புங்கள். பதில் வரும்வரை வேறு பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். முகநூலிலும் போடவேண்டாம், பல பத்திரிகைகள் அதையே வெளியான கதையாக எடுத்துக்கொள்கின்றன. மின்னஞ்சலில் கதைச் சுருக்கம் வேண்டாம். 'நீங்கள் கேட்டபடி சுருக்கிய பிரதி இது' என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.